அண்ணியும் ஒடியாத ஊசியும்

என் அண்ணி ஒரு வங்கி வாசலில் பன்னிரண்டு வருடமாகக் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்பவர். திருடனுக்கெல்லாம் பயப்படுகிற ஆளில்லை. தன் துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான் பயம். விசையை இழுப்பதற்கு ஒரு நொடி முன்பே கண்ணை இறுக மூடிக் கையைக் கீழே அமுக்கிவிடுவார். குண்டு இலக்கை விட்டுவிட்டு மண்ணைக் கிளறும். வருடாந்திரச் சுடும் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊத அனுப்பிவிடுவார்கள். அந்தக் காவல் நிறுவனத்தின் அலுவலகத்தில்தான் எனக்கும் வேலை. அண்ணியை விசிலோடு நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சியாளர் சொன்ன மருந்து சுலபமானது. குண்டில்லாத துப்பாக்கியைத் தினமும் குறிபார்த்து விசையைச் சொடுக்கிப் பழக வேண்டும். வெடிச்சத்தம் இல்லையென்றால் கை பயத்தை மறந்துவிடும். ஆனால் அந்த மருந்துக்குக் குறுக்கே ஊசியண்ணன் நின்றார்.

அவர் எங்கள் ஆயுத அறைப் பொறுப்பாளர். குண்டின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் சின்ன ஊசியின் மேல் அவருக்கு உயிர். அதனால் வந்த பெயர்.

"வெறும் துப்பாக்கியச் சொடுக்கவா? ஊசி ஒடஞ்சு போயிடும்மா. நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

இளவயதில் ஒரு கிளப்பில் சிறு ரகத் துப்பாக்கி ஒன்றை அப்படிச் சொடுக்கிச் சொடுக்கியே பாழாக்கி, வண்டி வண்டியாக வசவு வாங்கியவர் அவர். பட்ட சூடு மறக்கவில்லை.

அண்ணி வாதாடவில்லை. ஒரு சாயங்காலம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், ஊசியண்ணன் அதைத் துடைக்கக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதிவேடு வாங்க வாசலில் நின்றிருந்தேன். அவர் குண்டுகளை எடுத்தார், குண்டு உட்காரும் குழலறையில் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை பார்த்தார், மணல் தொட்டியை நோக்கிப் பிடித்தார். டிக்! பிறகு மேல்பாகத்தை உருவினார்.

"அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க?"

"கழட்டினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"சொடுக்கினேன். சொடுக்காம இந்த மாடலக் கழட்ட முடியாதேம்மா."

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

"தினமுமா? இதுவரைக்கும் எத்தன ஊசி மாத்தினீங்க?"

அவர் உருவிய மேல்பாகத்தைத் திருப்பி ஊசியைத் தேடிப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒன்பது வருடமாகத் தன் கையாலேயே சொடுக்கிவிட்டு, ஊருக்கெல்லாம் சொடுக்காதே என்று உபதேசம் செய்த மனிதரை வேறெங்கே பார்ப்பது!

மறுநாள் அலமாரியிலிருந்து துப்பாக்கியின் கையேட்டை எடுத்தார். அதன் உறைகூட அதுவரை பிரிக்கப்படவில்லை. மூக்குக்கண்ணாடியோடு முழுக்கப் படித்துவிட்டு, தானே கண்டுபிடித்தவர் மாதிரி விளக்கினார்.

"நான் கெடுத்த துப்பாக்கில ஊசி குண்டோட விளிம்புல அடிக்கும். குண்டு இல்லன்னா நேரா இரும்புல மோதும். இதுல நடுவுல அடிக்குது. குண்டு இல்லன்னா முன்னால வெறும் ஓட்டைதான், மோத ஒண்ணுமில்ல. ரொம்பப் பழைய மாடல்னா யோசிக்கணும். ஆயிரக்கணக்குல சொடுக்கினா எதுவும் தேயும். ரெண்டு பொய்க்குண்டு வாங்கிப் போட்டுக்குவோம், ஊசிக்கு மெத்த மாதிரி."

சிவப்புப் பிளாஸ்டிக்கில் பொய்க்குண்டுகள் வந்தன. நிஜக் குண்டுகளை வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகே பயிற்சி. தினம் ஐம்பது. துப்பாக்கியின் மேலே ஒரு காலித் தோட்டாவை நிற்கவைத்து, அது விழாமல் சொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிக்குக்கும் ஊசியண்ணன் பல் பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். பத்தாம் நாள் சுளிப்பு நின்றது. இருபதாம் நாள் தோட்டா விழுவது நின்றது.

தேர்வன்று பத்து குண்டு. எட்டு இலக்கில் பட வேண்டும். ஐந்து பட்டன. ஆறாவது: டிக்!

வெடிக்கவில்லை. எல்லோரும் ஊசியண்ணனைத்தான் திரும்பிப் பார்த்தோம். ஊசி ஒடிந்தேவிட்டதோ? இந்தச் சொடுக்கெல்லாம் என்னால்தான் என்று அண்ணி தன்னையே நொந்துகொள்வாரே! ஆனால் அவர் முனையை இலக்கை விட்டு நகர்த்தாமல் நிதானமாகக் காத்திருந்து, அந்தக் குண்டை வெளியே தள்ளினார். தேர்வு மேற்பார்வையாளர் அதை எடுத்துப் பார்த்தார். அடியில் நட்டநடுவே அழகான பள்ளம். ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. குண்டுதான் செத்தது. விதிப்படி வேறு குண்டு தரச் சொன்னார்.

ஊசியண்ணனோ அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை.

"கை ஆடல! டிக்குனு சத்தம் வந்தப்ப பாத்தீங்களா? கை ஒரு நூல்கூட ஆடல!" என்று கத்தினார்.

"யோவ், சுட்டு முடிக்கட்டும்யா!" என்று மேற்பார்வையாளர் அதட்டினார்.

அண்ணி சுட்டு முடித்தார். ஒன்பது பட்டிருந்தன. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"அண்ணி, சத்தம் பயமா இல்லையா?"

காதடைப்பானைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"இல்லடி. இத்தன வருஷமா வெடிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுடும். இன்னிக்கு வெடிச்சப்புறம்தான் கேட்டுச்சு."