அமுக்குவானும் எட்டாம் வகுப்புப் பரீட்சையும்

எனக்குக் கர்வம் அதிகம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்று நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆனால் அந்தப் படிப்பு ஒரு பங்குனி மாதத்தில் நின்றுபோக இருந்தது. நிறுத்தப் பார்த்தது வறுமை இல்லை, மழை இல்லை. தூக்கம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது பெரிய பாடு. கிடைத்த கொஞ்சத்தையும் அம்மா சமையலுக்கு என்று பூட்டி வைத்துவிடுவாள். அதனால் நான் படிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அம்மா பெரிய வீடுகளுக்கு நெல் அவித்துக் கொடுப்பாள். கோழி கூவுவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, முற்றத்தில் அண்டாவை ஏற்றிப் பனைமட்டையை எரிப்பாள். மட்டை நன்றாக எரியும்போது வரும் வெளிச்சத்தில் பொடி எழுத்துக்கூடத் தெரியும். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூகோளமும் கணக்கும் படிப்பேன். நெல் வெந்து தீ அடங்கியதும் உள்ளே போய், விடிவதற்கு முன் ஒரு தூக்கம் போடுவேன்.

அந்தத் தூக்கத்தில்தான் முதல்முறை அது வந்தது. கண் திறந்திருந்தது. கூரையின் பனையோலை தெரிந்தது. வெளியே அம்மா நெல்லை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது, அவித்த நெல்லின் வாசனையும் வந்தது. ஆனால் கை வரவில்லை, கால் வரவில்லை. நனைந்த நெல் மூட்டை ஒன்றை நெஞ்சின்மேல் ஏற்றியதுபோல் இருந்தது. கால்மாட்டில் யாரோ குந்தியிருப்பதாகத் தோன்றியது. ‘அம்மா’ என்று கத்தினேன். கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. பிறகு எங்கிருந்தோ மூச்சு திரும்பி வந்து, உடம்பு என்னுடையதாயிற்று. வேர்த்துக் கொட்டியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை வந்தபோதும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். பள்ளியில் இயற்கைப் பாடத்துக்காகத் தினமும் வெயிலா மேகமா, காற்று எந்தத் திசை என்று குறித்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதேபோலக் கோடு போட்டு, விழித்தபோது எப்படிப் படுத்திருந்தேன், அது வந்ததா இல்லையா என்று எழுதத் தொடங்கினேன். காற்றைப் பற்றி எழுதலாம் என்றால் இதைப் பற்றி ஏன் எழுதக் கூடாது?

மூன்றாம் தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

“அமுக்குவான்டி அது. எத்தினி நாளா வருது? வாய மூடிகினு இருந்தியே!”

அமுக்குவானுக்கு மருந்து எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலதுபக்கம் இரும்பு, இடதுபக்கம் துடைப்பம், தலைமாட்டில் பழைய செருப்பு. இரும்புக்கு அம்மா கதிர் அறுக்கும் அரிவாளைக் கொண்டுவந்தாள். செருப்புக்குத்தான் திண்டாட்டம். எங்கள் வீட்டில் யாரும் செருப்புப் போட்டவர்கள் இல்லை. கடைசியில் பட்டணத்துக்குக் காய்கறி ஓட்டும் வண்டிக்காரரிடம் போய் அறுந்த செருப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். “பேய்க்கு ஒத்தச் செருப்பு போதுமா?” என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்தப் பக்கம் திரும்பினால் அரிவாள் கிழிக்கும், அந்தப் பக்கம் திரும்பினால் துடைப்பக் குச்சி குத்தும். ஆகவே மல்லாந்து, கை கால் நீட்டி, அசையாமல் படுத்தேன். வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு வாரத்தில் நாலைந்து நாள் வர ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் அசந்தேன். அம்மா அன்றைக்கும் விடாமல் காவல் சாமான்களை எல்லாம் சுற்றி வைத்திருந்தாள். அது வந்தபோது அவள் என் எதிரிலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் கண் திறந்திருந்தது. அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை. முறத்தைப் போட்டுவிட்டு அவள் அலறியதில் தெரு கூடிவிட்டது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் வீட்டு விஷயம் எங்களுக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும்.

“இன்னா அண்ணி, பொண்ணு கண்ணத் தொறந்துகினே தூங்குது? நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? வயசுக்கு வந்த பொண்ண ஏரிக்கரை வயியா இஸ்கூலுக்கு வுட்டா, அது சும்மாவா வுடும்?”

மறுநாளே அம்மாவும் அத்தையும் என்னைப் பக்கத்து ஊரான நூம்பலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர் ஒருவர் இருந்தார். என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், திருநீறு போட்டார், கொஞ்ச நேரம் ஆடினார்.

“ஏரில வுயுந்து செத்த பொண்ணு. எய்த்து வாசனை புடிச்சிகினு பின்னாலயே வந்துகினு கீது. பொஸ்தகத்தத் தொட்டா எறங்காது. அமாவாசைக்குக் கறுப்புக் கோயி ஒண்ணு எடுத்துகினு வா, கட்டிடறேன். அதுவரைக்கும் பொண்ண ஊட்ட வுட்டு அனுப்பாதே” என்றார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு அரசாங்கப் பரீட்சை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்குப் படிப்பின்மேல் அவ்வளவு ஆசை என்றால், பரீட்சை எழுத விடாமல் என்னை ஏன் பிடித்து வைக்கவேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படித்துவிட்டுப் போகலாமே. இதை வாய்விட்டே சொன்னேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

அன்று மாலை அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரிய பண்ணை ஒன்றில் இராத்திரிப் பயிர்க் காவல் அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் பள்ளிக்குப் போவதைத் தெருவே கேலி செய்தபோதும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

“நாளைலேர்ந்து இஸ்கூலு வாணாம் கண்ணு. பரீட்சய அடுத்த வருசம் எய்திக்கலாம்.”

அடுத்த வருடம் என்ற ஒன்று எனக்கு இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒருமுறை நின்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். எட்டாவது தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் அண்டா.

நான் அழவில்லை. நோட்டை எடுத்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அதைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. விளையாடுவதற்காக ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள் வீட்டில் இருந்தன. பதினெட்டை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தேன். ஒரு கொட்டை ஒரு நாள். மல்லாந்து கிடந்து விழித்த நாளுக்குக் கறுப்புப் பக்கம் மேலே, ஒருக்களித்துக் கிடந்த நாளுக்கு வெள்ளைப் பக்கம் மேலே. அது வந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல்.

“நீயே பாரு நைனா” என்றேன்.

வெள்ளை ஏழு. ஒன்றின் பக்கத்திலும் கல் இல்லை. கறுப்பு பதினொன்று. எட்டின் பக்கத்தில் கல். அம்மா அரிவாள் வைத்த நாளிலிருந்து வரிசை முழுக்கக் கறுப்பு.

அப்பா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் கல் இல்லாத மூன்று கறுப்புக் கொட்டைகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இங்க இன்னாத்துக்குக் கல்லு இல்ல?”

நான் அதை யோசிக்கவே இல்லை. நோட்டைப் புரட்டினேன். மூன்று தேதிகளையும் சொன்னேன். வாசற்படியில் நின்ற அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்: “அந்த மூணு நாளும் அவிக்கறதுக்கு நெல்லு வரல. அடுப்பே பத்த வெக்கல.”

அடுப்பு எரியவில்லை என்றால் நான் எழவில்லை. விடியும்வரை ஒரே தூக்கம். பாதியில் எழுந்து படித்துவிட்டுத் திரும்பவும் போய் மல்லாந்து படுத்தால்தான் அது வருகிறது. நோட்டு என்னுடையதுதான், ஆனால் அதில் பாதியைப் படித்தவர் எழுத்துத் தெரியாத என் அப்பா. இதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

“பத்து நாளு பாக்கறேன்” என்றார் அவர். “உன் இஷ்டத்துக்குப் படு. இன்னொரு தபா வந்துச்சின்னா, நூம்பல்காரர் சொன்னதுதான். அப்பறம் அயுவக் கூடாது.”

அரிவாளும் துடைப்பமும் அவற்றின் இடத்துக்குப் போயின. செருப்பை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதை வாங்கத் தயங்கினார். நான் விடியுமுன் எழுவதை நிறுத்தினேன். அந்த நேரத்தை எப்படி ஈடுகட்டுவது என்று நான் கேட்பதற்கு முன்பே அம்மா சாயங்கால வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் எடுப்பது, சாணி பொறுக்குவது எல்லாம். “வெளிச்சம் இருக்கசொல்ல படி. போ” என்று விரட்டுவாள். தூக்கத்தில் மல்லாந்து புரளாமல் இருக்க, ஒரு கொட்டாங்கச்சியைத் துணியில் சுற்றி முதுகோடு கட்டிக்கொண்டேன். புரண்டால் குத்தும், தானாக ஒருக்களித்துவிடுவேன்.

அத்தைக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. “இன்னாடி, முதுகுல ஓடு மொளச்சிகினு கீதாமே? ஆமையாட்டம்!”

“ஆமைக்கு ஆயுசு ஜாஸ்தி அத்தே” என்றேன்.

ஏழு நாள் நன்றாகப் போயிற்று. எட்டாம் நாள் விடியற்காலையில் முடிச்சு அவிழ்ந்து கொட்டாங்கச்சி எங்கோ உருண்டுவிட்டது. கண் திறந்தேன். ஓலை தெரிந்தது. மூட்டை நெஞ்சின்மேல் ஏறியது.

முதலில் வந்தது பழைய பயம்தான். ஆனால் அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இது வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். இதுவரை ஒருமுறைகூடப் போகாமல் இருந்ததில்லை. முட்டி மோதி எழப் பார்த்தால்தான் மூச்சு முட்டுகிறது. நான் மோதவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சை அதன் போக்கில் விட்டேன். பிறகு என் உடம்பு முழுவதையும் விட்டுவிட்டு, வலதுகைச் சுண்டு விரலை மட்டும் நினைத்தேன். அசை, அசை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்றபோது அது பாயைத் தொட்டது. உடனே கை வந்தது, தோள் வந்தது, எல்லாம் வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். வேர்க்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை. அம்மா வெளியே இருந்தாள். அப்பா காவலிலிருந்து வரவில்லை. இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கெடு முடிந்துவிடும், பரீட்சைக்குப் போய்விடலாம். பல் துலக்கும்போதும் கஞ்சி குடிக்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நோட்டில் ‘வரவில்லை’ என்று எழுத என் கை போகவில்லை. பொய்யாக ஒரு நாளை எழுதினால் மற்ற இருபத்தைந்து நாளும் எதற்கு? ‘வந்தது’ என்று எழுதினேன். அப்பா வந்து கை கால் கழுவும்வரை காத்திருந்து, சொல்லிவிட்டேன்.

“இன்னிக்கு வந்துச்சி நைனா. நானே அனுப்பிட்டேன்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நிறுத்தாமல் பேசினேன். “அது பேய் இல்ல நைனா. புத்திதான் வண்டிக்காரரு, ஒடம்பு மாடு. வண்டிக்காரரு முயிச்சிகினாரு, மாடு இன்னும் படுத்துகினு கீது. அவ்ளோதான். சாட்டைய எடுத்தா மாடு மெரளும். பொறுமையா ஒரு தட்டு தட்டணும். சுண்டு வெரல மட்டும் அசைச்சேன், எல்லாம் எந்திரிச்சிகிச்சி.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எந்த வெரலு?” என்று கேட்டார்.

காட்டினேன். அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்கும் வரும். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து. காவக் குடிசையில, விடியசொல்ல.”

“இன்னாய்யா சொல்றே?” என்று அம்மா எழுந்துவிட்டாள். “இத்தினி வருசமா எங்கிட்ட சொன்னியா நீ?”

“சொன்னா? பேய் புடிச்சவன எவன் காவலுக்கு வெப்பான்?”

இருபது வருடம். நெஞ்சில் மூட்டையோடு கிடந்து, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல வரப்பில் நடந்திருக்கிறார். அரைத் தூக்கத்தில் எழுந்து வயலைச் சுற்றிவிட்டு வந்து திரும்பப் படுக்கிறவர். என் நோட்டில் இருந்தது அவருக்கும் பொருந்தியது.

பேச்சு எப்படிப் போயிற்று என்று முழுவதும் நினைவில்லை. அன்று சாயங்காலம் அத்தை வந்து கெடுவைப் பற்றிக் கிளறியபோது அப்பா சொன்னது நினைவிருக்கிறது. “அவ போவா. கோயி வாங்கறதா இருந்தா கொயம்பு வெக்க வாங்கு.”

பரீட்சை பூந்தமல்லியில். விடிந்ததும் நானும் அப்பாவும் புறப்பட்டு நடந்தோம். அவர் எனக்குக் கொஞ்சம் முன்னால், தலையில் முண்டாசோடு, வழக்கம்போலப் பேசாமல் நடந்தார். ஊர் நெருங்கியபோது திடீரென்று நின்று திரும்பினார்.

“நேத்து வந்துச்சி” என்றார். “சுண்டு வெரலு எனக்கு வரல கண்ணு. கால் கட்டவெரலுதான் கேட்டுச்சி. அதப் புடிச்சிகினு எந்திரிச்சிட்டேன்.”

பெரிய ஆள் ஒருவர், மண் ஒட்டிய காலை எனக்கு நீட்டிக் காட்டி, சாலை நடுவில் சிரித்துக்கொண்டு நின்றார். என் அப்பா தம்மைப் பற்றிப் பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பரீட்சைப் பள்ளிக்கூட வாசலில், “உள்ள போயி நல்லா எய்து” என்றார். நான் உள்ளே போய் எழுதினேன்.