கூடையில் இருந்த துணிச் சோப்பு

சமயநல்லூர் மெக்கானிக் கடையில் ஒருவர் பெட்ரோல் பட்ட கையைத் துணிச் சோப்புப் போட்டுக் கழுவினார். இரண்டு வாசனையும் சேர்ந்து வந்ததும் பழைய கார்ப் பயணம் ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. கொட்டாம்பட்டியிலிருந்து சித்தியைப் பிரசவத்துக்காக மதுரைக்கு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். வழியில் கல் அடித்துப் பெட்ரோல் டேங்க் ஓட்டையானது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்த டிரைவர், "நிக்காம ஒழுகுதுண்ணே. பத்து நிமிசம் தாங்காது" என்றார். பின்சீட்டில் சித்தி என் கையை நெரித்துக்கொண்டு கத்தினாள். ரோட்டில் வேறு வண்டியே வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடையிலிருந்து அம்மா துணிச் சோப்பை எடுத்தாள். அப்பா எரிந்து விழுந்தார்.

"மறுபடியும் சோப்பா? அன்னைக்குத் தண்ணி டிரம் ஓட்டையை அடைச்சியே, அம்புட்டும் நுரையாப் போச்சே!"

அந்தக் கதையை அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"தண்ணியில கரைஞ்சிருச்சு. பெட்ரோல் பட்ட உங்க சட்டையில எம்புட்டுத் தேச்சும் சோப்பு கரையலையே" என்றபடி அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தாள். சோப்பை ஓட்டையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒழுக்கு சொட்டானது. பிறகு நின்றது.

மதுரை வரை அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒழுகுகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டிரம் கதையை அதன்பிறகு அவர் சொல்லவில்லை. கார் கதையையும் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன்க்கா இப்பிடி வேர்க்குது?" என்றான், பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பி. அன்று பிறந்த சித்தி மகன்.

"உக்காருடா, சொல்றேன்" என்றேன்.