பதிவேட்டின் ஆறாவது கட்டம்

கம்ப்யூட்டர் வழியாக ஒருவருக்கு எரிச்சல் உண்டாக்கினால் மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம் என்று ஒரு சட்டப்பிரிவு இருந்த காலம் அது. அதைச் செய்தித்தாளில் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, "கம்ப்யூட்டர் இல்லாம எரிச்சல் உண்டாக்குதவங்களுக்கு எத்தன வருசமாம்?" என்று கேட்டாள். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மணவாளக்குறிச்சிக்குப் போகும் சாலையில், மீன் சந்தைக்கு எதிரே அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லாமினேஷன் பண்ணி ஓரம் வெட்டுவதற்கு ஒரு கத்தி வைத்த பலகை. 2011இல் சென்டர்களுக்குப் புதிய விதிகள் வந்தன. இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் உள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்தேன். வருகிறவர்களைப் பற்றிப் பதிவேடு வைக்க வேண்டும், யார் வந்து கேட்டாலும், அதாவது காக்கி போட்ட யார் வந்து கேட்டாலும், காட்ட வேண்டும் என்றார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், எந்த மெஷின், வந்த நேரமும் போன நேரமும். ஆக ஐந்து கட்டம்.

ஆறாவது கட்டத்தைக் கோடு போட்டுச் சேர்த்தது நான்.

அதற்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் கடற்கரையில் ஒரே புனிதரின் பெயர் ஒரே தெருவில் ஏழு பேருக்கு இருக்கும். அப்பன் பெயரும் நாலு பேருக்கு ஒன்றாக இருக்கும். பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். அதற்காகத்தான் ஆறாவது கட்டம். ஆனால் ஒரு வெற்றுக் கட்டத்தைக் கையில் கொடுத்தால் என்னைப் போன்றவனால் சும்மா இருக்க முடியுமா? பட்டப்பெயருக்குப் பக்கத்தில் வந்த காரியத்தையும் எழுத ஆரம்பித்தேன். 'குவைத் விசா, மூன்றாம் முறை, இந்தத் தடவையும் அழுகை.' 'கல்யாண சைட்டில் பெண்ணின் போட்டோ பார்த்தார், உயரத்தைப் பார்த்ததும் கணக்கை மூடினார்.' 'வட்டிக்காரனுக்குப் பயந்து புது ஈமெயில்.' சாயங்காலம் கடையைச் சாத்துமுன் வாசித்துப் பார்த்துத் தனியாகச் சிரிப்பேன். அது ஒரு சுகம்.

இதே ஆள்தான் சாயாக்கடையில் அந்தரங்க உரிமைக்காக முழங்கிக்கொண்டிருந்தவன். எனக்கு எதிர்க்கட்சி ஒரு ரிட்டயர்ட் தபால்காரர். சட்டத்தின் பக்கம் நிற்பார்.

"ஒழுங்கா நடக்குதவனுக்கு என்னவே மறைவு?" என்பார். "பாக்கட்டுமே. பாத்தா என்ன தேய்ஞ்சா போவும்?"

"அப்ப ஒம்ம குளிமுறிக்கு எதுக்கு ஓய் கதவு?" என்று நான் கேட்பேன்.

கடை சிரிக்கும். அவர் சிரிக்காமல், "நாப்பது வருசம் ஊர்க்காரன் கடிதாசு பூரா எனக்க பையில கெடந்துது. ஒண்ணயும் பிரிச்சதில்ல. பிரிக்காதவன் கையில இருந்தா பயம் இல்லவே" என்பார். சத்தமாகச் சிரித்துச் சமாளிப்பேன்.

2012இல் ஒரு நாள் சந்தையில் சாளை மீன் விற்கும் அக்கா ஒருத்தி உள்ளே வந்தாள். சந்தையில் பெண்களுக்கென்று கட்டிய கக்கூஸை, சந்தையை ஏலத்தில் எடுத்திருந்த குத்தகைக்காரர் பூட்டி, தன் மீன் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்கு வந்து உட்காரும் பெண்கள் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

"மேல எழுதணும் மக்கா. பேரு போடாத. பேரு தெரிஞ்சா அவன் எனக்க எடத்த வேற ஒருத்திக்குக் குடுத்துருவான். பின்ன நான் எங்க இருந்து விக்க?"

தட்டத் தெரியாதவர்களுக்கு நானே உட்கார்ந்து தட்டிக் கொடுப்பது வழக்கம். அவள் சொல்லச் சொல்ல மூன்றாம் நம்பர் மெஷினில் தட்டினேன். 'சந்தைப் பெண்கள்' என்று மட்டும் முடித்து, மேலதிகாரிக்கு ஈமெயிலில் அனுப்பினேன். மெஷினில் உட்கார்ந்தது நான் என்பதால் முதல் ஐந்து கட்டத்திலும் என் பெயர், என் அட்டை எண். தட்டிக் கொடுக்கும்போதெல்லாம் அப்படித்தான். அவளை வழியனுப்பிவிட்டு, ஆறாவது கட்டத்தில் அவளுடைய பட்டப்பெயரை எழுதி, 'கக்கூஸ் பூட்டு, குத்தகைக்காரர் மூக்கு உடையும்' என்று சேர்த்தேன். 'மூக்கு' என்பதற்குக் கீழே கோடும் போட்டேன்.

மூக்கு உடைந்தது. அதிகாரிகள் வந்து பூட்டைத் திறந்தார்கள். ஆனால் அந்த மடலின் நகல் எப்படியோ குத்தகைக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இணையத்தில் தன்னை அவதூறு செய்துவிட்டார்கள் என்று அந்த மூன்று வருஷப் பிரிவைக் காட்டி அவர் ஸ்டேஷனில் மனு கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏட்டையா என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அந்த ரிஜிஸ்டர் இருக்கில்லா? மத்தியானம் மூணு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டு வாரும். அய்யா பாக்கணுமாம். மெயில் போனது எந்தச் சென்டர்ல இருந்துன்னு தெரியல. சந்தைக்கு எதிர நீருதான இருக்கீரு."

"கொண்டு வாரேன் ஏட்டையா. ஒரு சாயா..."

"சாயா வேண்டாம். ரிஜிஸ்டர் வேணும்."

அவர் போனதும் ஷட்டரை இறக்கினேன். இறக்கினால் சந்தேகம் வருமே என்று ஏற்றினேன். ஏற்றினால் யாராவது வந்துவிடுவார்களே என்று பாதியில் நிறுத்தினேன். குனிந்து பார்த்த ஒருவர், "என்னவே, செத்துட்டேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் தடயம் அழிக்கிறேன் என்று எதையோ அழுத்தினேன். ஸ்கேன் பண்ணி வைத்திருந்த என் ரேஷன் கார்டு போயிற்று. மடல் அப்படியே இருந்தது.

பிறகு பதிவேட்டைப் பிரித்தேன். முதல் முறையாகச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷத்தில் இந்தக் கடைக்கு வந்த ஒவ்வொருவரின் கடனும் காதலும் நோயும் பயமும் என் கையெழுத்தில், தேதி வாரியாக இருந்தன. எந்த அரசாங்கமும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. சம்பளம் இல்லாமல் நானே உளவு பார்த்து, கோடு போட்டு, நகைச்சுவையும் சேர்த்து, தயாராக வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறாவது கட்டம் அப்படியே இருந்தால் நான் தப்பித்துவிடலாம். 'நான் வெறும் தட்டினவன், சொன்னது அவள்' என்று அந்தக் கட்டமே சாட்சி சொல்லும். அது இல்லாவிட்டால் மடலை எழுதியவன் நான். மூன்று வருஷமும் எனக்கே.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பதிவேட்டை அப்படியே கொண்டுபோகலாம் என்று சந்தைக்குப் போனேன். வார்த்தை சொல்லவா, அனுமதி வாங்கவா என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சாளைக் குவியலுக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மெல்லக் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். கை நின்றது.

"எனக்க பேரு போடலன்னுதான பறஞ்ச?"

"மடலில போடல அக்கா. ரிஜிஸ்டர்ல..."

"அது எதுக்கு?"

"சட்டம் அக்கா. எழுதி வைக்கணும்னு."

"ஆரு வந்தான்னு எழுதச் சொன்னானா, நான் என்ன சொன்னேன்னு எழுதச் சொன்னானா?"

நான் எதிரே இருந்த சாளையைப் பார்த்தேன். அதுவும் கண்ணை மூடாமல் என்னையே பார்த்தது.

"போ மக்கா, ஆளு பாக்குது" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். "ஒரு கிலோ வாங்கிட்டுப் போ. சும்மா நிக்காத."

சாளைப் பையோடும் கடையில் இருந்து எடுத்த பதிவேட்டோடும் வீட்டுக்கு வந்தேன். மணி ஒன்றரை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பதிவேட்டை நீட்டினேன். அவள் நின்றபடியே பத்துப் பக்கம் வாசித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். பெண்ணின் போட்டோவைப் பார்த்துக் கணக்கை மூடியவர் அவளுடைய தம்பி.

"இத எழுதினது நீங்களா?"

"ஆமா."

"உள்ள மூணு வருசம்னா எனக்கு சம்மதம்" என்றாள். பிறகு, "ஓரம் வெட்டுத பலகை கடையிலதான இருக்கு? எடுங்க, வாரேன்" என்றாள்.

ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தால் அங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். எனவே எல்லாத் தாளிலும் ஓரத்தில் இருந்த ஆறாவது கட்டத்தை மட்டும் வெட்டினோம். நல்ல வேளை, தாளின் முன்பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன். பத்துப் பத்துத் தாளாக அவள் பிடிக்க, நான் கத்தியை இறக்கினேன். முதல் வெட்டு கோணலாகப் போனது. இரண்டாவதில் இருந்து அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள், நான் பிடித்தேன். ஒரு வருஷத்து நகைச்சுவை பட்டை பட்டையாகத் தரையில் விழுந்தது. அட்டையையும் அதே அளவுக்கு வெட்டினோம். பட்டைகளை வாரி ஒரு சாக்கில் கட்டி, வெந்நீர் அடுப்புக்கு என்று வீட்டுக்கு எடுத்துப்போனாள். நான் செய்தது சட்டப்படி சரியா என்று இன்றுவரை எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

மூன்று மணிக்கு ஸ்டேஷன். அய்யா அறைக்குள் இருந்தார். வெளியே மேசையில் ஏட்டையா பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னவே, நோட்டு மெலிஞ்சு கெடக்கு?"

"கேட்ட கட்டம் எல்லாம் இருக்கு ஏட்டையா. அஞ்சும் இருக்கு."

விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். மடல் போன தேதி வந்தது. மடல் போன நேரம் வந்தது. விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது ஒம்ம பேருல்லா?"

அப்போதுகூட 'நான் வெறும் தட்டினவன்' என்ற வாசகம் நாக்கு நுனியில் இருந்தது. தைரியத்தால் அது வெளியே வராமல் இருந்தது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். தொண்டை வறண்டுவிட்டது. அத்தனை நீளமான வாசகத்துக்கு அங்கே ஈரம் போதவில்லை. சின்னதாக ஒன்றுதான் வந்தது.

"ஆமா. நான்தான்."

"நீரா எழுதினேரு?"

"நான்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பொம்பளையளுக்க கக்கூஸ் பூட்டிக் கெடந்தா ஒமக்கு என்னவே?"

"எனக்க பெண்டாட்டி அங்க மீன் வாங்கப் போவா ஏட்டையா."

"ஒரு மீன் வாங்க எவ்வளவு நேரமாவும்?"

"பேரம் பேசுவா."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருத்தி குனிந்து சிரித்தாள். ஏட்டையா சிரிக்கவில்லை. நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். பதிவேட்டை வைத்துக்கொண்டார். "கூப்பிடும்போ வரணும். ஊர விட்டுப் போவாதியும்" என்றார்.

கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால்கூட ஒரு நாளில் முடிந்திருக்கும். தினமும் காலையில் ஷட்டரை ஏற்றும்போது சாலையின் இரு பக்கமும் பார்ப்பேன். காக்கி என்று ஒரு மின்வாரியக்காரருக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தேன். சாயாக்கடையில் தபால்காரர் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அத விடும், ஒமக்க முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வாதாட ஆள் இல்லாமல் அவர் வாடிப்போனார். 2015இல் அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியை அவர்தான் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். இரண்டு தடவை வாசித்துவிட்டு, அன்று சாலையின் ஒரு பக்கம் மட்டும் பார்த்தேன்.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய இடம் அவளுக்கே இருந்தது. கக்கூஸும் திறந்தே இருந்தது. அந்தத் தீர்ப்புக்கு வெகு முன்பே, நான் ஸ்டேஷனுக்குப் போய் வந்து நாலைந்து மாதம் இருக்கும், மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"கக்கூஸ்ல தண்ணி வரல மக்கா. இன்னொண்ணு எழுதணும்."

எழுந்து போய்ச் சாலையின் இரு பக்கமும் பார்த்தேன். ஆனாலும் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். அவள் சொன்னாள், நான் தட்டினேன். அனுப்பி முடித்ததும் புதுப் பதிவேட்டை எடுத்து என் பெயர், முகவரி, அட்டை எண், மெஷின், நேரம் என்று எழுதினேன். இதில் ஐந்தே கட்டம்.

அவள் போகவில்லை. மீன் வாசம் வீசும் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, உதடு அசைய, கடைசிக் கோடு வரைக்கும் போனாள். கோட்டுக்கு அப்புறம் தாளின் விளிம்பையும் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

பிறகு பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.