மேஜை இல்லாத அறை

நினைவு இல்லங்களில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் என் தொழிலாக இருந்தது. எழுத்தாளர் அறை என்றால் எங்களுக்கு ஒரே சமையல்தான்: மேஜை, மூக்குக்கண்ணாடி, மூடி கழற்றிய பேனா. யாருடைய மூக்குக்கண்ணாடி என்று யாரும் கேட்டதில்லை.

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஓவியர் தேவராஜும் அவர் மனைவி, எழுத்தாளர் எஸ்தரும் வாழ்ந்த வீட்டில் அப்போது வேலை. இருவரும் காலமாகிவிட்டார்கள். மறுநாள் திறப்பு விழா. எஸ்தரின் அறைக்கென்று கமிட்டிச் செயலாளர் ஒரு தேக்கு மேஜையை நன்கொடையாக வாங்கி இறக்கியிருந்தார். கொடுத்தவர்தான் சிறப்பு விருந்தினர்.

சாவியை ஒப்படைக்க வந்த மகள் கிரேஸ் டீச்சர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரோடது சார்?"

"அம்மா எழுதின மேஜை மாதிரி..." என்று இழுத்தார் செயலாளர்.

"அம்மா வீட்டுல ஒரு வரி எழுதினதில்ல. எழும்பூர்ல ஆபீஸ். தாம்பரத்துலேர்ந்தே வண்டி கிளம்புறதால ஜன்னல் சீட் கிடைக்கும். மடியில பரீட்சை அட்டைய வெச்சு எழுதுவாங்க. வரும்போது திருத்துவாங்க. காலைல சமையல் பூரா அப்பாதான். அவர் டிபன் கட்டிக் குடுத்தாத்தான் அம்மா வண்டியப் பிடிக்க முடியும்."

"விருந்தினர் கோவிச்சுக்குவாரும்மா. ஒரு மேஜைதானே?"

"மேஜைய வெச்சா அந்த ரயிலும் பொய், அப்பா கட்டிக் குடுத்த டிபனும் பொய். அப்படின்னா சாவி தர மாட்டேன் சார்." குரல் உடைந்துவிட்டது.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, ரூம் மொட்டையா இருக்காது?"

எனக்கு எரிச்சல்தான். வெறும் அறையை யார் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் குரல் என்னை என்னவோ செய்துவிட்டது.

"மொட்டையாத்தான் இருக்கும் சார். இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

மேஜையை முன்னறையில் போட்டு, வருகிறவர்கள் கையெழுத்திட வைத்தோம். கொடுத்தவரின் பெயரும் அதில் பளபளத்தது. மனிதருக்குப் பரம திருப்தி. எஸ்தரின் அறையில் ஒரு கைப்பை, மூலை தேய்ந்த பரீட்சை அட்டை, அவ்வளவுதான். சமையலறையில் டிபன் பாக்ஸ், பக்கத்தில் பெயின்டும் மஞ்சளும் ஏறிய ஓவியரின் துண்டு, தினமும் சமைத்துக் கட்டிக் கொடுத்தது அவர்தான் என்று ஒரு சின்னக் குறிப்பு.

விழாவன்று கூட்டமெல்லாம் ஓவியங்களின் முன்தான். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், கழுத்தில் அடையாள அட்டையோடு, சமையலறையில் வெகுநேரம் நின்றார். பிறகு ஓவியங்களில் லயித்திருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"அத அப்புறம் பாக்கலாம். முதல்ல இங்க வாங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுத்தாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று கேட்காதீர்கள். யார் சமைத்தார்கள் என்று கேளுங்கள்.