தராசு அணைத்த விளக்கு

பாரபட்சம் காட்டாதவர் என்பதால் எலெக்ட்ரானிக்ஸ் சங்கத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் எஃப்.பி.ஜி.ஏ. போர்டுகளோடு மல்லுக்கட்டுவார். சில்லுக்குள் இருக்கும் சுற்றையே நம் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பது அந்தப் போர்டுகளின் விசேஷம். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்னதுதான் வேதவாக்கு.

சங்கத்தின் வகுப்புக்கு ஒரே வகைப் போர்டு வாங்க முடிவானது; சோதித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தராசிடம் வந்தது. வரைபடத்திலிருந்து மென்பொருள்வரை ஒளிவுமறைவில்லாமல் வெளியிடப்பட்ட மூன்று போர்டுகள் போட்டிக்கு வந்தன. அதில் ஒன்று தராசின் தங்கை புருஷன் உருவாக்கியது. இருந்த வேலையை விட்டுவிட்டு அதையே கட்டிக்கொண்டு அழுத மனிதர். இந்த ஆர்டர் கிடைத்தால்தான் அவர் பட்டறை பிழைக்கும்.

மற்ற இரண்டில் சந்தேகம் வந்தபோது தயாரித்தவர்களுக்கே எழுதிக் கேட்டுத் தெளிந்துகொண்டார் தராசு. கையேடும் கையுமாக வந்த மாப்பிள்ளையை மட்டும், ஊர் வாய்க்குப் பயந்து வாசலோடு அனுப்பினார்.

“ஊரான் போர்டுன்னா கண்ணை மூடிக்கிறீங்க, என் போர்டுன்னா நெற்றிக்கண்ணைத் திறக்கிறீங்களே மச்சான்” என்று சிரித்தபடி கையேட்டை வைத்துவிட்டுப் போனார் அவர்.

தேர்வுக் கூட்டத்தன்று மூன்றிலும் விளக்குகள் வரிசையாக ஓடின. வேகத்தில் மாப்பிள்ளையின் போர்டுதான் முந்தியது. கடைசியாகத் தராசு மூன்றின் மின்சாரத்தையும் பிடுங்கி மறுபடி செருகினார். இரண்டு எரிந்தன. மாப்பிள்ளையுடையது கண் திறக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்தார். “மச்சான், ஃபிளாஷ்ல எழுதினீங்களா?”

“உட்காருங்க மாப்பிள்ளை. இங்க உறவு பேசாது.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்டர் வேறொரு போர்டுக்குப் போனது.

சில நாள் கழித்துத்தான் கையேட்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது. மற்ற இரண்டும் எழுதியதைத் தாமாகவே, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் சேமித்துவிடும். இதற்குக் கட்டளையில் ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரத்தோடு எழுதியதும் போய்விடும். சேர்த்தார். பிடுங்கிச் செருகினார். எரிந்தது.

செயலாளரைப் போனில் பிடித்துச் சொன்னார். ஆர்டரை நிறுத்த இன்னும் நேரமிருக்கிறது என்ற செயலாளர், குரலைத் தாழ்த்தினார். “ஆனா இப்ப மாத்தினா, தங்கச்சி அழுதாங்கன்னு மாத்தினதா பேசுவாங்க. உங்க பேருதான் கெடும் சார். என்ன செய்யட்டும்?”

தராசு “அப்படியே விடுங்க” என்றார்.

மாப்பிள்ளை பட்டறையை ஒரேயடியாக மூடியதும், போர்டைத் திரும்ப வாங்கத் தங்கை வந்தாள். மேசைமேல் அது எரிந்துகொண்டிருந்தது.

“எரியுதே அண்ணா. சங்கத்துல சொன்னியா?”

“செயலாளர்கிட்ட சொன்னேன். இப்ப மாத்தினா என் பேரு கெடும்னாரு” என்றார் அவர். அவள் ஒயரைப் பிடுங்கிப் போர்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நல்லா இரு. அந்தப் பேரையே கட்டிக்கிட்டு இரு.”