சர்ச்சுல முதல் இடம் போச்சு, மேடம்!

குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது போன் வந்தது. ஆஸ்டின் டவுன் ஆரோக்கியசாமி. எங்கள் ஜோகுபாளையம் ஃபிளாட்டின் பால்கனிக்குள் புறா வராமல் ‘புறா வலை’ போட்டுக் கொடுத்தவர். அன்றிலிருந்து குடும்பப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து என் அதிரசம் போகும். (அதற்குப் பிறகும் பேசுகிறார் என்றால் எவ்வளவு நல்ல மனுஷன், பாருங்கள்.)

“மேடம், சர்ச்சுல என்னைப் பின்னாடி தள்ளிட்டாங்க.”

“யாருங்க தள்ளினது?”

“அதான் தெரியலை மேடம். பத்து வருஷமா முதல் இடம் எனக்குத்தான். இப்ப எங்கேயோ கடைசியில கிடக்கிறேன்.”

நான் என்ன நினைப்பேன்? ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போய் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். கோயில் கமிட்டியில் ஏதோ தகராறு போல...

“ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர்கிட்ட எதுக்கு மேடம்?”

“அவர் ஒரு வார்த்தை சொன்னா இடம் விட மாட்டாங்களா?”

“அவருக்கு வாட்ஸ்அப்பே நாங்கதான் மேடம் போட்டுக் கொடுத்தோம்...” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது பூசை நடக்கிற சர்ச் இல்லை. நாமெல்லாம் நாளைக்கு ஐம்பது தடவை போனைப் பார்த்துத் தலைகுனிந்து விண்ணப்பம் போடுகிறோமே — அந்த இன்டர்நெட் சர்ச்!

விஷயம் இதுதான். ‘பெங்களூர் புறா வலை’ என்று யார் தேடினாலும் முதலில் ஆரோக்கியசாமியின் வெப்சைட்தான் வரும். பெல்லந்தூரோ, ஒயிட்ஃபீல்டோ, எல்லா வேலையும் அப்படி வந்ததுதான். திடீரென்று அல்காரிதத்தை மாற்றிவிட்டார்கள். எந்த சைட்டை முன்னால் காட்டுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்று தீர்மானிக்கிற சூத்திரம் அது. எப்போது மாறும், ஏன் மாறும்? நமக்கெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வாரமாக போன் வரவில்லை. போன்தான் கெட்டுவிட்டதோ என்று மனைவி பிலோமினாவைத் தன் போனுக்கு அடிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“நல்லாத்தான் அடிச்சுது மேடம். ஹலோன்னேன். சமையல்கட்டுல இருந்து அவளும் ஹலோன்னா. சரி வந்ததே வந்துடுச்சுன்னு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருந்தோம்.”

பிறகு தேடிப் பார்த்திருக்கிறார். அவர் போனில் இப்போதும் அவர்தான் முதல். தினமும் தன் சைட்டைத் தானே பார்ப்பவருக்கு அப்படித்தான் காட்டுமாம். பிலோமினாவின் போனில் பார்த்தால் — நாலாவது பக்கம்! ஒரு கணவனின் உண்மையான ரேங்க் மனைவியின் போனில்தான் தெரியும் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் இல்லையா?

சும்மா இருப்பாரா? ஞாயிறு பூசை முடிந்ததும் பாடற்குழுவின் இருபது பேரையும் நிறுத்தி, வரிசையாக அவருடைய சைட்டைத் தேடி அமுக்க வைத்தார். சோப்ரானோ, டெனார் என்று எல்லாக் குரல்காரர்களும் பக்தியோடு அமுக்கினார்கள். மறுநாள் பார்த்தால் ஆறாவது பக்கம்.

அடுத்த சனிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். சந்தாபுராவிலிருந்து சதீஷ் என்ற டிஜிட்டல் மார்க்கெட்டிங்காரரும் வந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து சைட்டைப் பார்த்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன்.

‘பெங்களூர் புறா வலை வேண்டுமா? சிறந்த பெங்களூர் புறா வலை எங்களிடம். பெங்களூரில் பெங்களூர் புறா வலைக்கு ஒரே இடம் பெங்களூர் புறா வலை.’

பக்கம் முழுக்க இதேதான். வெப்சைட்டா, ஜெபமாலையா?

“அண்ணா, முன்னாடி இப்படித் திரும்பத் திரும்பச் சொன்னா மேல ஏறும். இப்ப கீழதான் போகும்” என்றார் சதீஷ். “படிக்கிறவங்களுக்கு ஏதாவது உபயோகம் இருக்கணும். சொந்த அனுபவம் இருக்கணும். யாராவது எழுதணும்.”

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. பிலோமினா ஒரு தட்டில் ரோஸ் குக்கியை (நம் அச்சு முறுக்குதான்) கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எழுதுகிறவளை எப்படி வளைப்பது என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

அப்புறம் உட்கார்ந்து கேட்டால்... மனுஷன் புறாவைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம்!

“அது கட்டுற கூட்டைப் பார்த்திருக்கீங்களா மேடம்? மூணு குச்சி. ஒண்ணு கோணல். மேல முட்டை. அதுக்கு அது வீடு. நம்ம ஊர் பில்டர்கூட ஸ்வல்ப வெக்கப்படுவான்.”

எங்கே கூடு கட்டும், ஏன் ஏசி பெட்டியின் பின்பக்கம் பிடிக்கும், முட்டை எத்தனை நாளில் பொரியும், குஞ்சு எப்போது பறக்கும்... அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விரட்டுவதே தொழிலாக இருப்பவர் இவ்வளவு பாசமாகப் பேசுவதைக் கேட்டு எனக்கே எழுதும் கை இளகிவிட்டது. ஐந்து கட்டுரைகள். இங்கிலீஷிலும் தமிழிலும். சதீஷ் பழையதைத் தூக்கிவிட்டு இதைப் போட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் அசையவில்லை. பிறகு இன்னொரு அல்காரிதம் மாற்றம். ஒரு திங்கட்கிழமை ஆரோக்கியசாமியின் போன் அலற ஆரம்பித்தது. சந்தோஷமாக எனக்குச் சொல்வார் என்று பார்த்தால், மறுநாள் பாய்ந்துகொண்டு வந்தார்.

“என்ன எழுதினீங்க மேடம்? நேத்துலருந்து பதினோரு கால். ஒருத்தர்கூட வலை கேக்கலை! ‘எங்க புறா சோறு திங்க மாட்டேங்குது, டாக்டர் இருக்காரா’ன்னு ஒருத்தர். ‘பால்கனிக்கு நிறைய புறா வரணும், என்ன போடணும்’னு ஒரு அம்மா. நான் என்ன சொல்ல? வலையை எடுத்துடுங்கன்னா?”

நான் பாசமாக எழுதிய எழுத்து, புறாப் பிரியர்களை எல்லாம் புறாவின் பரம எதிரி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது! ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்த எழுத்தாளர் என்ற பெயர் எனக்குத் தேவையா? அத்தனையையும் எடுத்துவிடச் சொல்லி சதீஷுக்கு மெசேஜ்கூட டைப் செய்துவிட்டேன்.

அனுப்பவில்லை. அதற்குள் பிலோமினா போன் செய்து தடுத்துவிட்டார்.

கணவர் கோபத்தில் போனைத் தூக்கிப் போட்டதும் அதை எடுத்துக்கொண்டவர் அவர்தான். பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்: ‘முட்டை எப்போது பொரியும்?’

நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தபோதே ஒரு கால். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு பெண். பிலோமினா சரளமாகக் கன்னடத்துக்குத் தாவினார்.

“எஷ்டு தின ஆயித்தம்மா?”

முட்டை வைத்து எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரில் விரலை ஓட்டினார். பொரிக்கப் பதினெட்டு நாள். பறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். அதுவரை ஜன்னலைத் தட்டாதே, கூட்டைத் தொடாதே என்று புத்தி சொல்லி வைத்தார்.

“எதுக்கு இந்த வட்டம்?” என்றேன்.

“கூடு காலியாகிற நாள் மேடம். இப்ப வலை போடுன்னா அந்தப் பொண்ணுக்கு மனசு வராது. ஆனா, இத்தனை நாள் பால்கனியில எச்சத்தைக் கழுவிக் கழுவி...”

அவர் சிரித்தார். மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை.

வட்டமிட்ட ஒவ்வொரு நாளும் பிலோமினாவே கூப்பிடுவார். “என்ன கண்ணு, குழந்தைங்க பறந்துடுச்சா?” அந்தப் பக்கம், “பறந்துடுச்சு ஆன்ட்டி!” என்று லேசான விசும்பல். ஒரு நிமிடம் துக்கம் விசாரிப்பு. பிறகு மெதுவாக, “அடுத்த ஜோடி வர்றதுக்குள்ள நம்ம அண்ணனை அனுப்பட்டுமா?”

யாராவது வேண்டாம் என்பார்களா? ஆரோக்கியசாமிக்குச் சாப்பிட நேரமில்லை. ஏணியோடு கிளம்பினால் இருட்டும்போதுதான் வீடு. என்னைப் பார்த்தால் மறுபடி பல் தெரிகிறது. நானும் மூச்சு விட்டேன்.

போன வாரம் மறுபடியும் அல்காரிதத்தை மாற்றிவிட்டார்கள்.

இந்த முறை தேடினால், மேலேயே ஒரு பெட்டி கட்டி அதில் பதிலை அதுவே சொல்லிவிடுகிறது. முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள். அவ்வளவுதான், ஆள் போய்விடுகிறார். சைட்டுக்குள் யாரும் வருவதில்லை. நான் பதறிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு ஓடினேன். அங்கே பிலோமினா காதில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு என்ன கேக்கறாங்க?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். “எப்படி ஏறுச்சோ தெரியலை மேடம். புறா வறுவலுக்கு நாமதான் ஃபர்ஸ்ட்டாம்.”

அவர் அசரவில்லை. “புறாவெல்லாம் வேணாம் தம்பி, பாவம். காடை வாங்கிக்கோ. மிளகு தூக்கலா போடு” என்று ஆரம்பித்து, இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை வரை முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு சாதாரணமாக, “ஆமா... உங்க வீட்டுல பால்கனி இருக்கா?” என்றார்.

இருக்கிறதாம். இரண்டு!