உள்ளே போகாத எலுமிச்சம்பழம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில், குடிபாலாவுக்குப் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு நிலம் இருக்கிறது. அங்கேதான் நாங்கள் செய்த விமானத்தை முதல்முறையாக வேகமாக ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. ஆமாம், விமானம்தான். பொம்மை இல்லை, இரண்டு பேர் உட்காரக்கூடிய நிஜ விமானம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று இப்போது திருப்பதியில் குடியிருக்கிறார். விமானம் ஓட்டவும் கற்றவர். நான் நகரியில் விசைத்தறி வைத்திருப்பவன். அவர் வரைபடம் வாங்கி வந்தார், என்னிடம் இடமும் கருவிகளும் இருந்தன. ஆறு வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று என் தறி ஷெட்டின் ஓரத்தில் அது வளர்ந்தது. பறப்பதற்கு அனுமதி இன்னும் வரவில்லை. அதற்குள் தரையில் ஓட்டிப் பார்த்துக் குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டதில் சக்கரங்கள் என் பொறுப்பு. வினை அங்கேதான் ஆரம்பித்தது. வரைபடத்தில் போட்டிருந்தது குண்டு டயர். ஆட்டோ டயர் மாதிரி உப்பலாக இருக்கும். எனக்குப் பிடிக்கவே இல்லை. டயரைச் சின்னதாக்கி, அதன்மேல் மீன் வடிவத்தில் ஒரு ஃபைபர் கூடு போட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும், வேகம் ஐந்தாறு கிலோமீட்டர் கூடும் என்று எங்கோ படித்தேன். வேகத்தைவிட அந்த அழகில்தான் நான் மயங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மாமா தயங்கினார். "மண்ணுல ஓடப் போவுது, யோசிச்சுக்கோ" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

தறிக்காரனுக்கு இடைவெளி என்றாலே ஆகாது. ஏதாவது ஒரு பாகம் கொஞ்சம் லூசாக இருந்தால், ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா பாதையை விட்டுப் பறந்து ஆள்மேலேயே விழும். முப்பது வருடம் எல்லாவற்றையும் இறுக்கியே பழகிய கை. கூட்டையும் அப்படியே செய்தேன். டயருக்கும் கூட்டுக்கும் நடுவே சுண்டுவிரல்தான் நுழையும். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பெயின்ட் அடித்த அன்று நான் போட்டோ அனுப்பாத ஆள் பாக்கியில்லை.

விமானத்தைப் பாகம் பாகமாக லாரியில் நிலத்துக்குக் கொண்டுவந்த பிறகு டயர்களை மாட்டிக் கொடுத்தவர் குடிபாலா ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கூட்டைப் பொருத்தும்போதும் கூடவே இருந்தார். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தவர், தெலுங்கும் தமிழும் கலந்து, "ஒத்துண்ணா, வேணாம். இந்தச் செம்மண்ணு நனஞ்சா டயரோட சுத்திக்கினே வரும். கூட்டுக்குள்ள போய் அடச்சிக்கினு நின்னுடும்" என்றார். "நீ லாரி டயரைப் பாருப்பா, ஏரோப்ளேனை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். நான் சொன்னது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தாம்பாளத்தோடு வந்து இறங்கினாள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நம் பக்கத்தில் எந்தப் புது வண்டி கிளம்பியிருக்கிறது? குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, குனிந்து பழத்தை வைக்கப் போனாள். கூட்டின் விளிம்பு இடித்தது. "இன்னாடா இது, பழம் உள்ள போவமாட்டேங்குது?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழம் நுழைய வழியில்லை. அதைவிடத் தெளிவாக யார் எனக்குச் சொல்ல முடியும்? நானோ, "இருக்கிறதுலயே சின்னதா ஒண்ணு எடுக்கா" என்றேன். பையைக் கொட்டித் தேடி, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு பழங்களைப் பொறுக்கி, நானே விரலால் தள்ளிச் செருகினேன். டயரில் காற்றுப் பிடிக்க வந்திருந்த பஞ்சர் கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். முதல்முறை மெதுவாகப் போய்த் திரும்பி வந்தார். முந்தின நாள் மழையில் மேல்மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை வேகமெடுத்தார். வால் மேலே எழும்பியது. அக்கா கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே இடது சக்கரம் நின்றுவிட்டது. விமானம் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்குள் பாய்ந்து, வரப்பில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன்னால் இருந்த விசிறி இரண்டாக உடைந்து தெறித்தது. அங்கிருந்து பத்தடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஓடிப்போய் பெல்ட்டை அவிழ்த்து மாமாவை வெளியே இழுத்தவர் அந்தப் பஞ்சர் கடைக்காரர்தான். மாமாவுக்கு நெற்றியில் ரத்தம், மற்றபடி ஆபத்தில்லை. அக்கா முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டே போய்ப் பார்த்தபோது இடது கூடு முழுக்கச் செம்மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. நான் செருகிய பழத்தின் தோல் அதற்குள் ஒட்டியிருந்தது.

"எப்பிடிடா ஆச்சு?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள். அப்போது பக்கத்தில், "நான்தாம்மா. காத்து ஜாஸ்தி வெச்சுட்டேன். டயரு உப்பி கூட்டுல ஒரசிக்கிச்சு" என்று பஞ்சர் கடைக்காரரின் குரல் கேட்டது. அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

சாயங்காலம் அவர் கடைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "அந்தம்மா கையில புருசன் ரத்தம் இருந்திச்சிண்ணா. அந்த நேரத்துல கூடப் பொறந்தவன்தான் காரணம்னு காதுல வுழுந்தா ஜென்மத்துக்கும் மறக்காது. நான் யாரு, டயர்காரன். ரெண்டு நாள் திட்டிக்கினு வுட்டுடும்." அவ்வளவுதான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. "பெரிய டயர் எடுத்துக்கினு வாண்ணா, மாட்டித் தரேன்" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேராகத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமாவிடமும் அக்காவிடமும் பழம் தேடிய கதை வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மாமா என் தோளில் கையை வைத்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாளே குடிபாலாவுக்குப் போய், அந்தக் கடை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

இப்போது எங்கள் விமானம் குண்டு டயரோடு, கூடு இல்லாமல் நிற்கிறது. பார்க்க இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அக்கா இருப்பதிலேயே பெரிய பழமாகப் பொறுக்கி, அதைப் பஞ்சர் கடைக்காரர் கையில்தான் கொடுக்கிறாள். என் வேலையில் யாராவது குறை சொன்னால் இன்றும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்ற அந்த மனிதரும், பக்கத்திலேயே சும்மா நின்ற நானும் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறோம், சொல்பவர் யாராக இருந்தாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.